பல்வலியும் நாட்டு வைத்தியமும்

பல்வலி பெரும்பாலும் இரவில்தான் முற்றுகிறது. பகலில் வேலைகளுக்கிடையே அடங்கிக் கிடந்த நோவு, ஊர் உறங்கிய பின்னர்த் தலையெடுத்து, தாடை, செவி, நெற்றிப்பொட்டு எனப் படர்ந்து நிற்கும். பல் மருத்துவர் என்னும் ஒருவர் நாட்டில் இல்லாத காலத்தில் நம் முன்னோர் அந்த வேளையில் யாரை நாடினர்? அஞ்சறைப்பெட்டியை நாடினர், கொல்லைப்புறத்துச் செடியை நாடினர், ஊரில் கைராசியுடையவர் எனப் பெயர்பெற்ற ஒருவரை நாடினர், ஒன்றும் பலியாதபோது தெய்வத்தை நாடினர். அவர்கள் கையாண்ட முறைகள் யாவை, அவற்றுள் மெய் எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்பதைச் சிறிது ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நாம் பணியின் பொருட்டு மைசூரில் வாழ்கிறோம். இந்நகரின் தேவராஜ சந்தையை அடுத்த தெருக்களில் கன்னடத்தார் 'கிரந்திகெ அங்கடி' என்று வழங்கும் கடைகள் உள்ளன. நம் ஊர்ப்பக்கத்து நாட்டு மருந்துக் கடைகள் போன்றவையே அவை. கடுக்காய், படிகாரம், இலவங்கம், அக்கரகாரம், கருவேலம்பட்டை ஆகியன அங்கே சாக்குகளிலும் தகரப் பெட்டிகளிலும் நிறைந்திருக்கும். 'பல் நோவு' என்று சொன்னால் போதும். கடைக்காரர் ஆராயாமல் இரண்டு மூன்று சரக்குகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார். மொழி வேறாயினும் தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கடையிலும் இதே சரக்குகள்தாம் கிடைக்கும். காவிரியின் இக்கரைக்கும் அக்கரைக்கும் பல்வலியும் ஒன்று, மருந்தும் ஒன்று.

முதலில், நோய் வருமுன் காக்கும் முறைகளைக் காண்போம். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் போற்றும் பழமொழியை அறியாத தமிழர் இலர். ஆலும் வேலும் துவர்ப்புச் சுவையுடையவை. அத்துவர்ப்பு ஈறுகளை இறுகச் செய்யும். வேம்பின் கசப்பு வாயைத் தூய்மை செய்யும். குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கிப் பல்லைத் தேய்த்த பின் எறிந்துவிடுவது வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, இவ்வழக்கத்தைத் தம் நூலில் விரிவாகவே குறித்திருக்கிறார். விலங்கின் மயிரால் ஆகிய தூரிகையை எச்சில் பட்ட பின்னும் மீண்டும் மீண்டும் வாயிலிடும் ஐரோப்பியரைக் கண்டு இந்நாட்டவர் அருவருத்தனர் என்பதும் அவர் வாயிலாகவே நாம் அறியும் செய்தியாகும். அராபிய நாடுகளில் வழங்கும் மிஸ்வாக் குச்சியும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதனைக் கையாளும் வழக்கமுள்ள நாடுகளில் அதற்கு ஊக்கமளிக்கலாம் என உலக சுகாதார நிறுவனமே 1986-ஆம் ஆண்டில் கருத்துரைத்தது.

குச்சிக்கு அடுத்தபடியாக வருவது பற்பொடி. உமிக்கரியும் உப்பும் சேர்த்துத் தேய்த்த தலைமுறை இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை. மைசூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கபினி ஆற்றங்கரையில் உள்ள நஞ்சன்கூடு, நோய் தீர்க்கும் நஞ்சுண்டேசுவரரின் தலமாகப் பெயர்பெற்றது. அவ்வூரில் பி. வி. பண்டிதர் என்னும் வைத்தியர் 1913-ஆம் ஆண்டில் சத்வைத்தியசாலை என்ற மருந்துச்சாலையை நிறுவினார். அங்கே செய்யப்பட்ட இளஞ்சிவப்பு நிறப் பற்பொடி, 'நஞ்சன்கூடு ஹல்லுப்புடி' என்ற பெயரால் கன்னட நாடு முழுவதும் பரவியது. வீடுதோறும் இடித்துச் சலித்த பொடி, பொட்டலத்தில் அடைபட்டுக் கடைக்கு வந்த மாற்றத்தை இவ்வொரு பெயரே நமக்கு உணர்த்துகிறது.

நிற்க. பல் நொந்த பின்னர்ச் செய்யும் சிகிச்சைகளுக்கு வருவோம். அவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். மரத்துப்போகச் செய்வன ஒருவகை. கழுவி இறுக்குவன ஒருவகை. சுட்டுப் பொசுக்குவன ஒருவகை.

முதல் வகையில் தலைமை சான்றது இலவங்கம். கிராம்பு என்றும் இதனைக் கூறுவர். கீழ்த்திசையிலுள்ள மொலுக்கஸ் தீவுகளில் தோன்றிய இப்பூமொட்டு, வாணிகத்தின் வழியே பண்டைக்காலத்திலேயே நம் நாட்டை அடைந்தது. நொந்த பல்லின்மேல் ஒரு கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்வது, அல்லது கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துக் குழியில் வைப்பது வழக்கம். இத்தைலத்தின் பெரும்பகுதி யூஜினால் என்னும் பொருளாகும். அது நரம்பை மரக்கச் செய்யும், நுண்ணுயிர்களையும் ஓரளவு ஒடுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பல் மருத்துவர்கள் இதே யூஜினாலைத் துத்தநாக ஆக்ஸைடுடன் குழைத்துப் பற்குழியை அடைக்கும் தற்காலிகப் பூச்சாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். பல் மருத்துவமனையின் வாயிலில் நுழைந்தவுடன் நம்மை எதிர்கொள்ளும் மணம் அஞ்சறைப்பெட்டியின் மணமே என்பது எண்ணத்தக்கது. அக்கரகாரம் என்னும் வேரும் இவ்வகையினதே. வட ஆப்பிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் வழியாக வந்த இவ்வேரை மென்றால் நா விறுவிறுத்து மரத்துப்போகும். ஐரோப்பியரும் இதே வேரைப் பல்வலிக்குக் கையாண்டனர்.

இரண்டாம் வகையில் உப்புநீர், படிகார நீர், கருவேலம்பட்டைக் கஷாயம், கொய்யா இலைக் கஷாயம் ஆகியன அடங்கும். இவை ஈறு வீக்கத்தையும் கசியும் குருதியையும் ஒருவாறு தணிக்கும். இளஞ்சூடான உப்புநீரால் வாய் கொப்பளிக்குமாறு பல் பிடுங்கிய மறுநாள் மருத்துவரும் கூறுகின்றார். இவற்றால் தீங்கு விளைதல் அரிது.

மூன்றாம் வகையே அஞ்சத்தக்கது. எருக்கம்பாலைப் பஞ்சில் தோய்த்துப் பற்குழியில் வைப்பர். அது சிறிது தவறினால் ஈறும் உதடும் வெந்துபோம். காய்ச்சிய கம்பியால் குழியைச் சுடுவாரும் இருந்தனர். இத்துடன் புகையிலையையும் சேர்த்து எண்ணல் வேண்டும். போர்ச்சுக்கீசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்த இவ்விலை, வலியை மரக்கச் செய்யும் என்ற நம்பிக்கையால் பல்லிடுக்கில் புகுந்தது; வலி போன பின்னும் இலை போகவில்லை. புகையிலை மிகுதியாக விளையும் ஹுணசூர், பிரியாபட்டணம் ஆகிய வட்டங்கள் மைசூர் மாவட்டத்திலேயே உள்ளன. பல்வலிக்கு மருந்தென்று தொடங்கியது வாய்ப்புற்றுக்கு வித்தாக முடிந்த குடும்பங்கள் பல. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலையைச் சேர்ப்பதை இந்திய அரசு 1992-ஆம் ஆண்டில் தடை செய்தது.

இம்மூவகையிலும் அடங்காத ஒரு முறை உண்டு. அதுவே நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவது. அதனைப் புகை பிடித்தல் என்பர்.

நாம் சிறுபிராயத்தில் நம் ஊரில் இதனை நேரிற் கண்டிருக்கிறோம். மண்சட்டியில் கனல்துண்டங்களை இட்டு, அவற்றின்மேல் சிறிது நெய் தடவிய கண்டங்கத்தரி விதைகளைத் தூவுவார்கள். துளையிட்ட கொட்டாங்கச்சியால் சட்டியை மூடி, துளையில் பப்பாளித் தண்டைச் செருகி, அதன்வழி எழும் புகையை நொந்த பல்லில் படும்படி வாயில் வாங்குமாறு செய்வர். எதிரே ஒரு கிண்ணத்தில் நீர் இருக்கும். வாயில் ஊறும் எச்சிலை அந்நீரில் உமிழ வேண்டும். சிறிது நேரம் சென்றதும் வைத்தியம் செய்யும் மூதாட்டி கிண்ணத்தை விளக்கருகே கொண்டுவந்து காட்டுவார். நீரில் வெண்ணிறமாக, வளைந்து, நூல்நுனி போன்ற சிறு வடிவங்கள் மிதக்கும். "பாரு, புழு விழுந்துடுச்சு" என்பார். கூடியிருந்த நாம் அனைவரும் வியந்து நோக்குவோம். நோயாளியோ பாதி நோவு அப்போதே தீர்ந்தது போல் எழுந்து செல்வார். கன்னடத்தார் 'நெலகுள்ள' என்று கூறும் இச்செடி, மைசூரைச் சூழ்ந்த மேட்டு நிலங்களிலும் முட்கள் நிறைந்து தரையோடு படர்ந்து கிடக்கிறது. அதன் பயனும் இங்கே அறியப்பட்டதே.

பல்லில் புழு இருக்கிறது என்ற எண்ணம் ஓர் ஊருக்கோ ஒரு நாட்டுக்கோ உரியதன்று. மொழிகளே அதற்குச் சான்று பகர்கின்றன. தமிழில் பூச்சிப்பல் என்கிறோம். கன்னடத்தில் ஹுளு என்றால் புழு. சொத்தைப் பல்லை அவர்கள் ஹுளுக்கு ஹல்லு என்பர். இந்தியில் பல்லில் கீடா பற்றியது என்பர். கீடா என்பதும் புழுவே. ஜப்பானிய மொழியில் சொத்தைப் பல்லுக்கு மூஷிபா என்று பெயர். அதன் பொருள் பூச்சிப்பல் என்பதே. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதை இந்நோய்க்குக் கிருமிதந்தகம் என்று பெயரிடுகிறது. பல் கறுத்துத் துளைபட்டு, ஆட்டங்கண்டு, நீர் கசிந்து, வீக்கமும் கடும் நோவும் உண்டாகும் என அந்நூல் இந்நோயை விவரிப்பது, இன்றைய மருத்துவரும் மறுக்கவொண்ணாத அளவுக்குத் தெளிவானது. பெயரில் மட்டும் புழு இருக்கிறது.

இன்னும் பின்னே செல்வோமாயின் மெசொப்பொத்தேமியாவை அடைகின்றோம். அசீரிய மன்னன் அசுர்பானிபாலின் நினிவே நூலகத்தில் கிடைத்த களிமண் பலகை ஒன்றில் பல்வலிக்குரிய மந்திரம் பொறிக்கப்பட்டுள்ளது. அது கி.மு. ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்தது. உலகம் படைக்கப்பட்டபோது புழு தெய்வங்களின் முன் அழுது தனக்கு உணவு கேட்டதாம். கனிகளைத் தருகிறோம் என்றபோது அவற்றை மறுத்து, பற்களுக்கும் ஈறுகளுக்கும் இடையே வாழ இடம் வேண்டிற்றாம். கதை இவ்வளவே. ஆயின் அதனையடுத்து ஒரு குறிப்பும் உள்ளது: இன்ன மதுவும் எண்ணெயும் கலந்து, மந்திரத்தை மும்முறை ஓதி, மருந்தைப் பல்லின்மேல் வைக்க வேண்டும் என்பது அக்குறிப்பு. மந்திரமும் மருந்தும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் வந்திருப்பதை இங்கே காண்கின்றோம். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் மருத்துவர், குரோசாணி ஓமத்தின் விதையைக் கனலிலிட்டு அப்புகையை வாயில் வாங்கச் சொன்னார். புழுக்கள் வெளிப்படுவதும் உண்டு என்றார். நம் ஊர் மூதாட்டியின் மண்சட்டியும் கொட்டாங்கச்சியும் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

கிண்ணத்து நீரில் மிதந்தவை யாவை? கண்ணால் கண்டதைப் பொய் என்று தள்ளுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ஷேஃபர் என்னும் பாதிரியார். இயற்கைப் பொருளாராய்ச்சியில் பெருவிருப்புடைய அவர், 1757-ஆம் ஆண்டில் பற்களில் இருப்பதாகக் கற்பனை செய்யப்படும் புழுக்களைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். வாயில் புகையை வாங்காமலே, வெறும் கனலிலும் நீரிலும் அவ்விதைகளை இட்டுப் பார்த்தார். அப்போதும் 'புழுக்கள்' தோன்றின! சூடு பட்டதும் விதை வெடிக்கிறது. அதனுள் சுருண்டு கிடந்த வெண்ணிற முளைக்கரு வெளியே தெறிக்கிறது. அதுவே நீரில் புழுவாகக் காட்சியளிக்கிறது. குரோசாணி ஓமமும் கண்டங்கத்தரியும் ஒரே கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த செடிகள் என்பதும், அக்குடும்பத்து விதைகளில் முளைக்கரு வளைந்து கிடப்பது இயல்பு என்பதும் தாவர நூலார் கூறும் உண்மை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் மக்கள் ஒரே காட்சியைக் கண்டு ஒரே முடிவுக்கு வந்ததன் மருமம் இதுவே. நம் ஊர் மூதாட்டி யாரையும் ஏமாற்றவில்லை. தாம் கண்டதைத் தாமும் நம்பினார்.

புழு மறைந்த இடத்தில் வந்தது யாது? பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர், வாயில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி 1890-ஆம் ஆண்டில் விரிவான நூலை வெளியிட்டார். பல்லில் ஒட்டிய மாப்பொருளையும் சர்க்கரையையும் நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலமே பல்லின் மேலோட்டைக் கரைக்கின்றது என்பது அவர் கண்ட முடிவு. அந்நுண்ணுயிர்களுள் முதன்மையானதொன்றைப் பிரிட்டனைச் சேர்ந்த கிளார்க் 1924-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் எனப் பெயரிட்டார். ஆகவே ஏதோ ஓர் உயிர்ப்பொருள் பல்லைக் கெடுக்கிறது என்று முன்னோர் எண்ணியது முற்றும் பிழையன்று. அவ்வுயிரின் வடிவத்தையும் உணவையும் அவர்கள் அறியவில்லை. உணவு சர்க்கரை என்று அறிந்திருப்பரேல், புகை பிடிப்பதினும் இனிப்பைக் குறைப்பதே முதல் மருந்து எனக் கூறியிருப்பர். மைசூரை அடுத்த மண்டியாவில் 1933-ஆம் ஆண்டில் சர்க்கரை ஆலை எழுந்தது. இத்தகைய ஆலைகள் நாடெங்கும் பெருகிய பின்னர், முன்னே திருநாளுக்கு மட்டும் இனிப்புண்ட வீடுகளிலும் வெண்சர்க்கரை அன்றாடப் பொருளாயிற்று. பாட்டியின் மருந்து பேரனின் பல்லுக்கு முன்போல் ஈடுகொடுக்க இயலாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மருந்துக்கு அடங்காத வலியை மந்திரத்தாலும் நேர்த்திக்கடனாலும் ஓட்ட முயன்றதும் உலகப் பொதுவழக்கே. நேபாளத்தின் தலைநகரான காட்மாண்டுவில் பாங்கேமுடா என்னும் தெருவில் ஒரு மரக்கட்டை உள்ளது. பல்வலி தீர்க்கும் தேவதை அதில் உறைவதாக நம்பி, வலியுற்றோர் நாணயத்தை அதன்மேல் வைத்து ஆணியடிப்பர். கட்டை முழுவதும் ஆணியும் நாணயமுமாக நிறைந்துவிட்டது. அதே தெருவின் இருமருங்கிலும் இன்று பல் மருத்துவர்களின் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன! மேலை நாட்டுக் கிறித்தவர்கள், கி.பி. 249-இல் அலெக்சாந்திரியாவில் பற்கள் உடைபட்டு உயிர்நீத்த புனித அப்பொலோனியாளைப் பல்வலிக்குரிய காவலாகக் கொண்டனர்.

இவ்வழக்கங்களை முறையாகத் திரட்டி வைத்த நாடு அயர்லாந்து. அந்நாட்டு நாட்டுப்புறவியல் ஆணையம் 1937 முதல் 1939 வரை ஓர் அரிய முயற்சியை நடத்தியது. சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் மாணவர் 50,000 பேருக்கு மேல், தம் பாட்டன் பாட்டியரிடமும் அயலாரிடமும் கேட்டறிந்தவற்றைப் பயிற்சி ஏடுகளில் எழுதினர். அவ்வேடுகளில் பல்வலி வைத்தியத்துக்குக் குறைவில்லை. கிராம்பு, உப்பு, புகையிலை, புனித ஊற்றின் நீர் ஆகிய யாவும் உள்ளன. தவளையை வாயில் வைத்துக்கொள்ளலும் உண்டு. பேதுரு பல் நோவோடு கல்லின்மேல் அமர்ந்திருந்தபோது இயேசு வந்து குணப்படுத்தியதாகக் கூறும் மந்திரத்தைத் தாளில் எழுதி ஆடையில் தைத்துக்கொள்வாரும் இருந்தனர். எதுவும் பலிக்காவிடில் ஊர்க் கொல்லனிடம் சென்று குறட்டால் பல்லைப் பிடுங்கிக்கொள்வர். தமிழ்நாட்டில் மருத்துவர் என்றே பெயர்பெற்ற சமூகத்தார் சிற்றூர்களில் கட்டி கீறுதல், பல் பிடுங்குதல் ஆகிய பணிகளைச் செய்து வந்தனர். அவர்தம் மகளிர் பேறுகாலம் பார்த்தனர். கடல்கள் பிரித்த இரு நாட்டு மக்கள் ஒருவரையொருவர் பாராமலே ஒரே வழியில் நடந்ததற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. நாடிச் செல்ல வேறு ஒருவர் இல்லாமையே முதற்காரணம். இந்தியாவில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது 1920-ஆம் ஆண்டில். பல் மருத்துவர்களை முறைப்படி பதிவு செய்வதற்கான சட்டம் இயற்றப்பட்டது 1948-ஆம் ஆண்டில். அதற்கு முந்திய தலைமுறைகளின் கையில் இருந்தது கிராம்பு ஒன்றுதான்.

இம்முறைகள் பலவும் பலித்தனவாக மக்கள் உறுதியாகக் கூறுவது எதனால்? இதற்கு நம் அனுபவத்தையே சான்றாகக் காட்டலாம். சில ஆண்டுகளுக்கு முன் நம் கடைவாய்ப் பல் ஒன்று நோவெடுத்தது. அலுவல் மிகுதியால் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போட்டு, கிராம்பைக் கொண்டே இரண்டு மாதம் ஓட்டினோம். ஒருநாள் நோவு அறவே நின்றது. பாட்டி வைத்தியத்தின் பெருமையை நண்பர்களிடமெல்லாம் பேசி மகிழ்ந்தோம். மூன்றாம் வாரத்தில் கன்னம் வீங்கிக் காய்ச்சல் கண்டது. பரிசோதித்த மருத்துவர் சொன்ன விளக்கம் எளியது: பல்லின் நடுவிலுள்ள கூழில் நரம்பு உயிரோடிருக்கும் வரையில்தான் பல் நோகும், அழுகல் உட்சென்று நரம்பு இறந்ததும் நோவு நின்றுவிடும், அழுகலோ நில்லாது வேரின் அடியில் சீழாகத் திரளும். நாம் குணம் என்று கொண்டாடிய நாள், பல் இறந்த நாளாகும். அப்பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. எத்தனையோ வைத்தியங்களுக்குப் புகழ் தேடித் தந்தது இந்தப் பொய்க்குணமே என்பதை அன்று உணர்ந்தோம். தாடையில் திரண்ட சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சையே அடைப்பதும் உண்டு. பல்வலியால் யாரும் சாவதில்லை என்னும் வழக்குரை முழு உண்மையன்று.

நம் தொழில் மொழிபெயர்ப்பு. அதிலும் இந்தப் புழு நம்மை விடவில்லை. ஒருமுறை பள்ளிச் சிறுவர்க்கான பல் நலத் துண்டறிக்கை ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பொறுப்பு நமக்கு வந்தது. முதலில் 'பற்சிதைவு' என்று எழுதினோம். படித்துப் பார்த்த சிறுவர்க்கு அச்சொல் விளங்கவில்லை. எளிமை கருதி 'பூச்சிப்பல்' என மாற்றினோம்; எல்லோர்க்கும் விளங்கியது. அச்சிட்ட அறிக்கையை நம் தெருவில் வாழும் மூதாட்டி ஒருவருக்குப் படித்துக் காட்டினோம். அவர் கொள்ளேகால் பக்கத்தவர். 1956-ஆம் ஆண்டு வரை கோவை மாவட்டத்தோடு இருந்த ஊர் அது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் வினவினார்: "ஏனுங்க, பூச்சிப்பல்லுன்னு அச்சுப் போட்டிருக்குதே, அந்தப் பூச்சியை எடுக்கறவங்க இப்ப எங்கே இருக்கறாங்க? எம் பேத்தியைக் கூட்டிட்டுப் போகோணும்."

நாம் வாயடைத்து நின்றோம். மருத்துவரிடம் அனுப்புவதற்காக எழுதிய அறிக்கை, அவரைப் புகை பிடிப்பவரிடம் அனுப்பப் பார்த்தது. பிழை அவருடையதன்று, நம்முடைய சொல்லுடையது. ஒரு சொல்லுக்குள் 2,500 ஆண்டுப் பழமையான நம்பிக்கை ஒன்று உறங்கிக் கிடப்பதை நாம் கருதவில்லை. மறுபதிப்பில் 'சொத்தைப் பல்' என்று திருத்தினோம். அதுவும் மக்கள் சொல்லே. ஆயின் அதற்குள் புழு இல்லை. பேத்தியை மறுவாரமே பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர்; பல்லைப் பிடுங்காமல் குழியை அடைத்தே காப்பாற்ற முடிந்தது.

ஆகவே நாட்டு வைத்தியத்தை முற்றும் போற்றுவதும் தகாது, முற்றும் இகழ்வதும் தகாது. குச்சியும் துவர்ப்பும் உப்புநீரும் நல்லவை. கிராம்பு, மருத்துவரைக் காணும் வரையில் இரவைக் கடத்தும் துணை; அதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தல் ஆகாது. எருக்கம்பாலும் காய்ச்சிய கம்பியும் புகையிலையும் விலக்கத்தக்கவை. கண்டங்கத்தரிப் புகையோ, நம் முன்னோர் வலியோடு எவ்வாறு போராடினர் என்பதற்குச் சான்றாக ஏட்டில் இருக்கத்தக்கது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்திரி வளாகத்தில் 1968-ஆம் ஆண்டில் அமைந்த நாட்டுப்புறவியல் அருங்காட்சியகத்தில் பழைய ஏர்களையும் பாவைகளையும் முகமூடிகளையும் காக்கின்றனர். பாட்டிமாரின் வாய்மொழியையும் அவ்வாறே காத்தல் வேண்டும். அயர்லாந்துச் சிறுவர் செய்ததை நம் பள்ளிச் சிறுவரும் செய்யலாம்: ஓர் ஏட்டை எடுத்துப் பாட்டியின் அருகே அமர்ந்து, பல் நொந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வைக்கலாம்.

பல் போனால் சொல் போகும் என்பது நம்மவர் பழமொழி. நம் பாட்டிமாரின் பற்கள் பெரும்பாலும் போய்விட்டன. அவர்கள் சொற்கள் போகுமுன் கேட்டுக்கொள்வது நம் கடன். கேட்ட பின்னர், நொந்த பல்லோடு மறுநாட்காலையிலேயே மருத்துவரிடம் செல்வதும் நம் கடனேயாகும்.